மரச்சீனி பரவிய வரலாறு

உலக வழக்கில் புதுமைகள் பரவும் முறை வியப்புக்குரியது. ஓர் உடையோ, ஓர் உணவோ, ஒரு பழக்கமோ சிலரிடையே நெடுங்காலம் அடங்கிக் கிடக்கும். அதனைப் பொருட்படுத்துவார் இரார். பின்னர், யாரும் எதிர்பாராத விரைவில் அது தெருவெங்கும், ஊரெங்கும், நாடெங்கும் நிறைந்துவிடும். நேற்றுவரை அதனை இகழ்ந்தவரும் இன்று கைக்கொள்வர். நாளைப் பிறக்கும் குழந்தையோ அது தொன்றுதொட்டு வந்த வழக்கமென்றே எண்ணும். இப்பரவல் நிகழ்வது ஆணையாலா, அறிவுரையாலா, தேவையாலா? இவ்வினாவிற்கு விடை காண நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நாம் வாழும் இத்திருவனந்தபுரத்திலேயே, சந்தைக்குச் செல்லும்போதெல்லாம் நாம் காணும் ஒரு கிழங்கு அதற்குச் சான்றாக நிற்கின்றது. அதுவே மரச்சீனி.

ஆண்டு மலரில் எழுதுதற்குக் காவியமும் கல்வெட்டும் இருக்க, கிழங்கைப் பற்றி எழுதுவதேன் என அன்பர் சிலர் வினவலாம். மன்னர் போரிட்டதும் முடிசூடியதும் மட்டுமே வரலாறு ஆகா. மக்கள் பசித்ததும், அப்பசியை அவர் ஆற்றிக் கொண்டதும் வரலாறேயாம். இக்கிழங்கின் கதையிலோ தமிழர் பங்கு நாம் நினைப்பதினும் பெரிதாக உள்ளது.

பெயரும் பிறப்பும்

இதற்கு வழங்கும் பெயர்கள் பல. திருவனந்தபுரத்தாரும் குமரி மாவட்டத் தமிழரும் மரச்சீனி என்பர். மத்திய கேரளத்தார் கப்பை என்பர். கப்பலில் வந்தமையால் அப்பெயர் பெற்றது எனக் கூறுவாரும் உளர். மலபார்ப் பகுதியில் பூளை என்றும், திரிச்சூர்ப் பக்கத்தில் கொள்ளி என்றும் வழங்கும். தமிழ்நாட்டில் மரவள்ளி என்பது பொதுப்பெயர். சேலத்தார் குச்சிக்கிழங்கு என்பர். இலையின் வடிவு நோக்கி ஏழிலைக்கிழங்கு என்பாரும் உண்டு. ஊருக்கு ஒரு பெயர் பெற்ற இப்பயிர் நம் நாட்டிற்கு உரியதன்று. தென்னமெரிக்கக் கண்டத்தில், இன்றைய பிரேசில் நாட்டை ஒட்டிய பகுதிகளில் தோன்றியது. போர்த்துகீசியர் வாயிலாக 17ஆம் நூற்றாண்டில் மலையாளக் கரையை அடைந்தது என்பர் ஆராய்ச்சியாளர். வந்த பின்னரும் நெடுங்காலம் அது ஆங்காங்கே வேலியோரத்தில் நின்ற ஒரு செடியாகவே இருந்தது. நாட்டுணவாகும் பேறு அதற்கு எளிதில் கிட்டவில்லை.

விசாகம் திருநாள் மன்னர்

திருவிதாங்கூரில் இக்கிழங்கைப் பரப்ப முயன்றவருள் முதலாக வைத்து எண்ணத்தக்கவர் விசாகம் திருநாள் இராமவர்மர். 1837ஆம் ஆண்டு பிறந்த இவர், தம் தமையனார் ஆயில்யம் திருநாளுக்குப் பின் 1880ஆம் ஆண்டில் அரசு கட்டிலேறினார். கல்வியில் தோய்ந்தவர், செடிகொடிகளின் இயல்பை ஆராய்வதில் பேரார்வம் உடையவர். மேட்டு நிலத்தில், நீர்ப்பாசனம் இன்றி, ஏழை உழவனும் விளைக்கத்தக்க உணவொன்று நாட்டிற்கு வேண்டுமென அவர் கருதினார். புறநாட்டினின்று நல்ல வகைகளைத் தருவித்துப் பயிரிடச் செய்தார். மக்கள் இதனை நச்சுக்கிழங்கென அஞ்சியதால், அரண்மனையிலேயே சமைத்து உண்ணச் செய்து அவ்வச்சத்தைப் போக்கினார் என்னும் செய்தி இந்நகரில் செவிவழியாக வழங்கி வருகின்றது.

இத்தகைய கதை பிரெஞ்சு நாட்டிலும் உண்டு. அங்கே உருளைக்கிழங்கை மக்கள் வெறுத்தொதுக்கிய காலத்தில், பர்மாந்தியே என்னும் அறிஞர் அதனைப் பரப்ப முயன்றார். ஏழாண்டுப் போரில் சிறைப்பட்டிருந்தபோது அக்கிழங்கை உண்டு அதன் அருமையை உணர்ந்தவர் அவர். பாரிசுக்கு அருகே கிழங்கு பயிரிட்ட நிலத்திற்குப் பகலெல்லாம் காவலரை நிறுத்தி, இரவில் அவர்களை அகற்றிவிட்டாராம். காவல் வைக்கத்தக்க பொருள் சிறந்ததாகவே இருக்குமென எண்ணிய மக்கள் இரவில் தோண்டிச் சென்று தம் நிலத்தில் ஊன்றினராம். இரு கதைகளிலும் உண்மையளவு எத்துணையாயினும் ஆகுக. புதிய உணவை ஏற்பதற்கு முன் மக்கள் மனம் எத்துணைத் தயங்கும் என்பதை இரண்டும் ஒருங்கே காட்டுகின்றன.

மன்னர் ஆட்சி ஐந்தாண்டே நிலவிற்று. 1885ஆம் ஆண்டில், 48 வயதில் அவர் மறைந்தார். அவர் விரும்பியவாறு நாடு முழுதும் மரச்சீனி உணவாவதை அவர் காணவில்லை. கூலி வேலை செய்வோரும், கரம்பு நிலத்தைத் திருத்திய ஏழை உழவரும் அதனை மேற்கொண்டனர். வசதியுடையோர் வீடுகளில் அது ஏழையின் உணவு என்றே எண்ணப்பட்டது. ஏறத்தாழ 60 ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன.

பர்மா அரிசியும் நம்மவரும்

அந்த 60 ஆண்டுகளில் நாடு பசியின்றி வாழ்ந்தது எதனால்? கடல் கடந்து வந்த அரிசியால். திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்றது தமிழ் வழங்கும் நாஞ்சில்நாடு. அதன் பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட பேச்சிப்பாறை அணை 1906ஆம் ஆண்டில் நிறைவுற்றது. எனினும் பெருகி வந்த மக்கள்தொகைக்கு நாஞ்சில்நாட்டு நெல்லும் குட்டநாட்டு நெல்லும் போதவில்லை. தென்னை, மிளகு, தேயிலை, ரப்பர் ஆகிய பணப்பயிர்களுக்கு நிலம் மேன்மேலும் சென்றது. தேங்காயையும் கயிற்றையும் விற்று அரிசி வாங்குவது இலாபம் என்னும் நிலை ஏற்பட்டது. அவ்வரிசி பெரும்பாலும் பர்மாவிலிருந்து வந்தது.

பர்மாவின் ஐராவதிக் கழிமுகத்தில் நெல் விளைந்த கதையில் தமிழர் கை உண்டு. நாட்டுக்கோட்டை நகரத்தார் ஆங்கே உழவர்க்குக் கடன் கொடுத்தனர்; அம்முதலைக் கொண்டு சதுப்பு நிலங்கள் கழனிகளாயின. தமிழகத்தினின்று சென்ற தொழிலாளர் பலர் வயல்களிலும் ஆலைகளிலும் உழைத்தனர். செட்டிநாட்டுப் பணத்தில் விளைந்த பர்மா அரிசி, கப்பலேறி ஆலப்புழை, கொல்லம் முதலிய துறைகளில் இறங்கிற்று. அதனை உண்டவர் அடுத்த கடற்கரையில் என்ன நிகழ்கின்றது என்று எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை.

1942

இரண்டாம் உலகப்போர் அந்நிலையை ஒரே ஆண்டில் மாற்றிவிட்டது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சு 8ஆம் நாள் இரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மாவிலிருந்து தமிழர் பல்லாயிரவர் காடும் மலையும் கடந்து நடந்தே தாயகம் திரும்பினர். வழியில் மாண்டாரும் பலர். அவர் வந்த கதையை நாம் கேட்டிருக்கிறோம். அவரோடு வாராத பொருள் ஒன்று உண்டு, அது அரிசி.

1941ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி திருவிதாங்கூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 60 லட்சம். அத்துணைப் பேருக்கும் உணவளிக்க வேண்டிய அரிசியில் பெரும்பகுதி திடீரென நின்றுபோயிற்று. சித்திரைத் திருநாள் மன்னர் ஆட்சியில், சர் சி. பி. இராமசாமி ஐயர் திவானாக இருந்த காலம் அது. அரசு பங்கீட்டு முறையை நாடெங்கும் புகுத்தியது. ஆனால் பங்கிடுவதற்கும் பொருள் வேண்டுமன்றோ? நாளடைவில் பங்கீட்டு அளவு சுருங்கிற்று. கயிற்றுத் தொழில் முடங்கிய சேர்த்தலை வட்டாரத்தில் பஞ்சமும் நோயும் கைகோத்து வந்தன. இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த கே. ஜி. சிவசாமியும் அவர்தம் துணைவரும் அப்பகுதிகளின் பஞ்சத்தையும் உணவுக்குறை நோய்களையும் ஆராய்ந்து 1945ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டனர். 1943, 1944 ஆகிய ஆண்டுகளின் துன்பத்திற்கு அஃது எழுத்துச் சான்றாகும்.

இந்நெருக்கடியிலேதான் மரச்சீனி நாட்டுணவாயிற்று. தென்னந்தோப்பின் இடைவெளியிலும், வீட்டு முற்றத்திலும், குன்றின் சரிவிலும் அது முளைத்தது. அரிசிச் சோறன்றி வேறறியாத இல்லங்களிலும் காலையிலோ மாலையிலோ ஒரு வேளை கிழங்காயிற்று. மன்னர் ஒருவர் விரும்பியும் 60 ஆண்டுகள் நிகழாத மாறுதல், பஞ்சம் வந்தபின் சில ஆண்டுகளுள் நிகழ்ந்தது.

பரவியது எங்ஙனம்?

பசி வந்தமையால் பரவிற்று என்று கூறி அமைந்துவிடலாம். அது பாதி உண்மையே. பசி வங்காளத்திலும் வந்தது. 1943ஆம் ஆண்டில் ஆங்கே இலட்சக்கணக்கானோர் மாண்டனர். தேவை மட்டும் இருந்தால் போதாது. தேவை எழும்போது எட்டும் தொலைவில் பொருளும் இருத்தல் வேண்டும். மரச்சீனியின் இயல்பை ஆராய்ந்தால் இது விளங்கும்.

மரச்சீனியை விதை கொண்டு பயிரிடுவதில்லை. அறுவடைக்குப் பின் எஞ்சும் தண்டைச் சாண் அளவினவாக நறுக்கி ஊன்றினால் போதும். இத்துண்டுகளைக் கரணை என்பர். ஒரு செடியின் தண்டிலிருந்து ஏறத்தாழ 10 கரணைகள் கிடைக்கும். பயிரோ 10 மாதத்தில் முற்றும். ஆகவே ஒரு செடி வைத்திருப்பவன் அடுத்த ஆண்டில் 10 செடி வைக்கலாம். அதற்கடுத்த ஆண்டில் 100. மூன்றாம் ஆண்டில் 1,000. நான்காம் ஆண்டில் 10,000. முதல் இரண்டு ஆண்டுகளில் இதனைக் காண்பார் யாருமில்லை. நான்காம் ஆண்டிலோ காணாதார் யாருமில்லை. திடீரெனப் பரவிற்று என்று நாம் கூறுவன பலவும் இத்தகைய பெருக்கத்தின் பிற்பகுதியை மட்டும் கண்டு கூறுவனவே.

மற்றொன்றும் கருதத்தக்கது. பஞ்ச காலத்தில் உழவன் விதைநெல்லையும் குற்றி உண்ண நேரும். உண்டபின் அடுத்த ஆண்டு விதைப்பதற்கு ஒன்றுமில்லை. மரச்சீனியிலோ உண்பது கிழங்கு, நடுவது தண்டு. எத்துணைப் பசித்தவனும் தண்டை உண்பதில்லை. ஆகவே பஞ்சம் கொடியதாயினும் நடுபொருள் அழியவில்லை. அதற்கு விலையும் இல்லை. அறுவடை செய்த வீட்டார்க்கு அது வெறும் விறகு. அண்டை வீட்டார் கேட்டால் இல்லையென்பார் யார்? கடனின்றி, வணிகரின்றி, அரசாணையின்றி வேலி தாண்டி வேலி தாண்டி அது சென்றது.

மூன்றாவது, தயக்கம் நீங்கியமை. புதிய உணவைத் தனியே உண்பது நாணம் தருவது. ஊரே உண்ணுமாயின் நாணம் எங்கே உளது? அடுத்த வீட்டு அடுப்பில் கிழங்கு வேகக் கண்ட பின்னர்த் தம் அடுப்பிலும் வேகவைக்கப் பலர் துணிந்தனர். அதனைக் கொதிக்க வைத்து நீரை வடித்தால் நச்சுத்தன்மை பெரிதும் நீங்கும் என்னும் அறிவை, நெடுங்காலமாக உண்டு வந்த ஏழைக் குடும்பங்களே ஏனையோர்க்குக் கற்பித்தன. ஏழையின் அடுக்களை அன்று ஊருக்கு ஆசிரியனாயிற்று.

எனவே, 60 ஆண்டுகள் வேலியோரத்தில் அதனைப் பேணி வந்த எளிய மக்களையே நாம் முதற்கண் போற்ற வேண்டும். அவர்கள் நாட்டுக்குத் தொண்டாற்றுவதாக எண்ணிப் பேணவில்லை. தம் வயிற்றுக்காகவே பேணினர். எனினும் 1942ஆம் ஆண்டில் கேட்ட கைக்கெல்லாம் தண்டு கிடைத்தது அவர்களால்தான்.

மலேயாவிலும் சேலத்திலும்

இதே காலத்தில் மலேயாத் தமிழரும் இக்கிழங்கையே நம்பி உயிர் வாழ்ந்தனர். பர்மா, சயாம் நாட்டு அரிசி நின்றுபோன ஜப்பானிய ஆட்சிக் காலத்தில், 1942 முதல் 1945 வரை, தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மரவள்ளியே உணவாயிற்று. சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டவர் போக எஞ்சிய முதியோரும் பெண்டிரும் குழந்தைகளும் அதனை உண்டு நாளைக் கழித்தனர். மலேயாத் தமிழரின் நினைவில் போர்க்காலமும் மரவள்ளியும் இன்றும் பிரியாது நிற்கின்றன.

சேலத்தில் இப்பரவல் வேறொரு வடிவம் கொண்டது. மலேயாவினின்று வந்துகொண்டிருந்த சவ்வரிசி போரினால் நின்றது. கேரளத்தோடு வாணிகத் தொடர்பு கொண்டிருந்த சேலம் மாணிக்கம் செட்டியாரும், மலேயாவில் சவ்வரிசித் தொழிலை அறிந்திருந்த பொபட்லால் ஷாவும் சேர்ந்து 1943ஆம் ஆண்டில் மரவள்ளி மாவினின்று சவ்வரிசி செய்யத் தொடங்கினர். இருவர் தொடங்கிய சிறுதொழில் நாளடைவில் சேலம், நாமக்கல் வட்டாரங்களின் பெருந்தொழிலாக வளர்ந்தது. 1981ஆம் ஆண்டில் அத்தொழிலோர்க்கெனச் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. மரச்சீனியைத் தொடமாட்டோம் என்று கூறிய இல்லங்களிலும் அதுவே சவ்வரிசிப் பாயசமாகவும் வடாமாகவும் இலையில் விளங்கியது. உண்டவர் அதன் குலத்தை வினவவில்லை.

நன்மையும் தீமையும்

மரச்சீனி வயிற்றை நிரப்பும். உடலை முற்றும் பேணாது. அதில் மாவுச்சத்து மிகுதி. புரதம் மிகக் குறைவு. கடலோர மக்கள் அதனோடு சாளை மீனைச் சேர்த்து உண்டமையால் ஓரளவு ஈடாயிற்று. மீனும் பருப்பும் வாங்க இயலாதவர் கிழங்கொன்றையே உண்டு மெலிந்தனர். அன்றியும், தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். ஆதலின் அவித்து உலர்த்தி வைக்கும் முறையை மக்கள் கைக்கொண்டனர். ஒரு பரவலின் வேகத்தை மட்டும் கண்டு மகிழ்தல் கூடாது. அது கொணர்வதையும் விடுப்பதையும் சேர எண்ணுதல் வேண்டும்.

ஒரே பயிரை நம்பியிருப்பதன் கேட்டை அயர்லாந்து நாடு காட்டுகின்றது. ஏழைகள் உருளைக்கிழங்கையே உணவாகக் கொண்ட அந்நாட்டில், 1845ஆம் ஆண்டில் பயிரைத் தாக்கிய நோயால் பெரும்பஞ்சம் விளைந்து ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் மாண்டனர். அத்துணைப் பேர் நாட்டை விட்டே அகன்றனர். நம் மரச்சீனிக்கும் இடர்கள் உண்டு. கரணை வழியாகப் பயிர் பரவுவது போலவே நோயும் பூச்சியும் பரவும். தேமல் நோய் அவ்வாறு பரவுவதே. 2020ஆம் ஆண்டில் இந்தியாவில் முதன்முறையாகத் திரிச்சூர்ப் பகுதியில் காணப்பட்ட ஒருவகை மாவுப்பூச்சி விரைவில் சேலத்தையும் நாமக்கல்லையும் அடைந்து பெருஞ்சேதம் விளைத்தது. மேற்கு ஆப்பிரிக்காவினின்று அப்பூச்சியின் பகையான சிறு குளவியைத் தருவித்து 2022ஆம் ஆண்டில் சேலத்தில் விட்டனர் அறிவியலார். நன்மை சென்ற வழியே தீமையும் சென்றது. வழிக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது.

ஏற்றமும் இறக்கமும்

போர் முடிந்த பின்னரும் மரச்சீனி நிலைத்தது. 1964ஆம் ஆண்டை ஒட்டிக் கேரளத்தில் அரிசித் தட்டுப்பாடு மீண்டும் கடுமையாயிற்று. அப்போதும் அதுவே துணைநின்றது. 1963ஆம் ஆண்டில் நம் நகரை அடுத்த ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. ஆங்கே உருவான ஒரு வகைக்கு ஸ்ரீவிசாகம் என்று பெயரிட்டு 1977ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தம் வாழ்நாளில் முழுப்பயன் காணாத மன்னரின் பெயர், அவர் மறைந்து 90 ஆண்டுகட்குப் பின்னர் உழவர் நாவில் ஏறிற்று.

1970ஆம் ஆண்டுகளின் நடுவில் கேரளத்தில் 3 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மரச்சீனி விளைந்தது. அதன்பின் இறக்கம் தொடங்கிற்று. பங்கீட்டுக் கடைகளில் அரிசி தடையின்றிக் கிடைத்தது. வளைகுடா நாடுகளினின்று பணம் வந்தது. ரப்பர் கூடுதல் இலாபம் தந்தது. இன்று அது விளையும் நிலம் 1 லட்சம் ஹெக்டேருக்கும் குறைவு. ஆனால் வியப்பொன்று நிகழ்ந்துள்ளது. நிலத்தில் குறைந்த கிழங்கு உணவு விடுதிகளில் உயர்ந்திருக்கின்றது. மீன் குழம்போடு அதனை விரும்பி உண்ணப் பயணிகள் விலை கொடுக்கின்றனர். ஒரு காலத்தில் வறுமையின் அடையாளமாக மறைத்து உண்டதனை, இன்று நாட்டின் பெருமையாக விருந்தினர்க்கு இடுகின்றனர்.

முடிவுரை

ஒரு வழக்கம் நாடெங்கும் பரவியபின் அதனைப் புகழ்வார் பலர். பரவுமுன் அதனைச் சிறு அளவில் அழியாது வைத்திருப்பார் சிலரே. அச்சிலர் இல்லையேல், காலம் வந்து கதவைத் தட்டும்போது எடுத்துக் கொடுக்க ஒன்றுமிராது. மரச்சீனியின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.

வேற்றுமொழி வழங்கும் நகரில் தமிழ்ச் சங்கம் நடத்தும் நாம், எண்ணிக்கையில் சிறியவர். நம் பிள்ளைகளுக்கு வார வகுப்பில் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்போது, பத்துப் பேர் வந்தால் பெரிது. இதனால் என்ன பயன் என்று சோர்வடையும் அன்பர்களுக்கு நாம் கூற விரும்புவது ஒன்றுண்டு: ஒரு கரணை பத்தாகும் கணக்கு, முதலாண்டில் கண்ணுக்குப் புலனாகாது.

மற்றொரு வேண்டுகோளும் உண்டு. 1943ஆம் ஆண்டின் பசியை நேரிற் கண்டவர் நம் குடும்பங்களில் இன்று மிகச் சிலரே; அவரும் 90 வயதைக் கடந்தவர். பங்கீட்டுக் கடையில் நின்றதும், முதன்முதலாகக் கிழங்கை வேகவைத்ததும், கரணை தந்த அண்டை வீட்டாரும் அவர் நினைவில் இருக்கக்கூடும். இளைஞர்கள் அவரிடம் அமர்ந்து கேட்டு எழுதி வைப்பாராக. அடுத்த ஆண்டு மலரில் அவற்றுள் சிலவேனும் இடம்பெறுமாயின், இக்கட்டுரை எழுதிய பயன் நமக்குக் கிட்டியதாகும்.